எண் மறைக்கப்பட்ட முதுகுப்பை: நியூயார்க் மிலிஷியாப் பொருள் ஒன்றின் காலத்தைக் கண்டறிந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் வரலாற்றுச் சங்கத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குடும்பம் பழைய இராணுவ முதுகுப்பை ஒன்றை நன்கொடையாக அளித்தது. சங்கத்தின் சிறிய அருங்காட்சியகத்தில், வரும் பொருள்களைப் பரிசோதித்துப் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பையைக் கொண்டுவந்தவர் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். பிரிட்டனுக்கு எதிராக 1812 முதல் 1815 வரை நடந்த போரில் தம் முன்னோர் ஒருவர் இதைச் சுமந்தார் என்று, தம் பாட்டி சொன்னதை அவர் எங்களிடம் சொன்னார்.

அவரது கூற்றுக்குத் துணையாக ஓர் ஆவணத்தின் நகலும் இருந்தது. 1812ஆம் ஆண்டுப் போரில் மாநில மிலிஷியாவில் பணியாற்றியவர்கள், தாங்கள் சொந்தமாகக் கொண்டுவந்த உடைகளுக்கும் தளவாடங்களுக்கும் ஈட்டுத்தொகை கோருவதற்கு 1850களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலம் இடமளித்தது. அந்த முன்னோரும் அவ்வாறு விண்ணப்பித்திருந்தார். தொப்பி, மேலங்கி, போர்வை என்று நீண்ட பட்டியலில் முதுகுப்பை ஒன்றும் விலையுடன் எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தைப் பொறுத்தவரை அந்த ஒற்றை வரியே போதுமான சான்றாக இருந்தது.

மிலிஷியா என்பது சம்பளப் பட்டாளம் அன்று. தேவைப்படும்போது அழைக்கப்படும் குடிமக்களின் படை. 1792ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் 18 வயது முதல் 45 வயது வரையுள்ள, உடல் வலிமை கொண்ட, சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமக்கள் அனைவரையும் மிலிஷியாவில் பதியச் சொன்னதோடு, துப்பாக்கி, பயனெட் எனும் துப்பாக்கிமுனைக் கத்தி, 24 தோட்டாக்களேனும் கொள்ளும் பை, முதுகுப்பை ஆகியவற்றை அவரவரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே மிலிஷியாப் பொருள்களில் அரசுத் தொழிற்சாலை முத்திரையை எதிர்பார்க்க முடியாது. தையற்காரரும் சேணம் தைப்பவரும் ஊருக்கு ஊர் தங்கள் வழக்கப்படி செய்து கொடுத்தவை அவை. இத்தகைய பொருளின் காலத்தைத் தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அதன்மேல் எழுதப்பட்ட எழுத்தும் எண்ணும்தான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் பிடிமானம்.

முதலில் கண்டவை

பை ஏறத்தாழ 35 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் 10 செ.மீ. தடிமனும் கொண்டது. மெல்லிய மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணி இழுத்துக் கட்டப்பட்டு, துணியின்மேல் கருப்பு எண்ணெய்ச் சாயம் பூசப்பட்டிருந்தது. பின்புறப் பலகையில் இரண்டு வரிகள் வெள்ளைச் சாயத்தில் இருந்தன. மேல் வரியில் ‘என்.’, ‘ஜி.’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். கீழ் வரியில் ‘7’ என்னும் எண். மூடியின் உட்புறத்தில் மங்கிப் பழுப்பேறிய மையில் ஒரு மனிதரின் முதலெழுத்துகளும் ‘4’ என்ற கம்பெனி (படையின் சிறு பிரிவு) எண்ணும் எழுதப்பட்டிருந்தன. முதலெழுத்துகள் அம்மையாரின் முன்னோர் பெயரோடு சரியாகப் பொருந்தின.

துணியின் தையல் முழுவதும் கைத்தையல். சட்டத்தில் அடிக்கப்பட்டிருந்த ஆணிகள் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட பட்டை ஆணிகள்; 1880களுக்குப் பிறகு பெருகிய கம்பி ஆணி ஒன்றுகூட இல்லை. தோள்வார்களில் இடப்புறத்தது மட்டும் இயந்திரத் தையல் உடையது, தோலின் நிறமும் வேறு. எலியாஸ் ஹோவின் தையல் இயந்திரக் காப்புரிமை 1846இல் வழங்கப்பட்டது. இயந்திரத் தையல் பரவலானது 1850களில். எனவே அந்த வார் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்தும் ஓர் அரை நூற்றாண்டு இடைவெளியைத்தான் தந்தன.

1812ஆம் ஆண்டுப் போர் என்ற குடும்பக் கூற்றை ஏற்பதற்கு ‘என். ஜி.’ என்ற எழுத்துகள் தடையாக இருந்தன. அவை ‘நேஷனல் கார்டு’, அதாவது தேசியக் காவற்படை என்பதன் சுருக்கம் என்பதில் ஐயமில்லை. 1814இல் நியூயார்க்கில் அந்தப் பெயரில் எந்தப் படையும் இருக்கவில்லை.

நான் எழுதிய தவறான காலம்

இராணுவப் பழம்பொருள்களில் நீண்ட அனுபவமுள்ள வணிகர் ஒருவரின் கருத்தைக் கேட்டோம். அவர் பையைப் பார்த்த சில நிமிடங்களில் உறுதியாகச் சொன்னார்: நியூயார்க் மாநிலம் தன் மிலிஷியா முழுவதற்கும் ‘நேஷனல் கார்டு’ என்ற பெயரைச் சட்டப்படி சூட்டியது 1862இல்; எனவே பை அதற்குப் பிற்பட்டது; ‘7’ என்பது நியூயார்க் நகரத்தின் புகழ்பெற்ற 7ஆம் ரெஜிமென்ட் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு). அவர் சொன்ன ஆண்டு சரியானது, ரெஜிமென்ட்டும் சரியானது. அந்த இரண்டையும் இணைத்து அவர் எடுத்த முடிவையும் நான் அப்படியே ஏற்று, பதிவேட்டில் ‘1862 முதல் 1880 வரை’ என்று மையில் எழுதினேன். மறுவாரம் அதே ஆண்டுகள் காப்பீட்டுப் பட்டியலிலும் ஏறின. அம்மையாருக்கும் கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை.

அந்தக் கடிதம் அவரை எவ்வளவு வருத்தியது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நான்கு தலைமுறையாகக் காத்த ஒரு பொருளைப் பற்றி, அவருடைய பாட்டி சொன்னது பொய் என்ற பொருள்படும் மூன்று வரிகளை, போதுமான அளவு படிக்காமலே நான் எழுதியிருந்தேன்.

ஐயம் எழுந்த விதம்

பையைக் காட்சிக்கு ஒளிப்படம் எடுக்கும்போது படத்தை நடுவில் நிறுத்த முடியவில்லை. ‘என். ஜி.’ என்ற மேல் வரி பலகையின் நேர் நடுவில் இருந்தது. ‘7’ மட்டும் நடுக்கோட்டுக்கு வலப்புறமாக விலகியிருந்தது. அளந்து பார்த்ததில் விலகல் நான்கு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எழுத்துகளின் விளிம்புகள் வெட்டியெடுத்தாற்போலக் கூர்மையாக இருந்ததால், எழுதியவர் கைதேர்ந்த பெயர்ப்பலகை ஓவியர் என்று தெரிந்தது. அப்படிப்பட்டவர் இரண்டு எழுத்துகளை நடுவில் சரியாக எழுதிவிட்டு, ஒரே ஓர் எண்ணைக் கோணலாக வைக்க மாட்டார். இடப்புறத்தில் இன்னொரு எண் இருந்திருந்தால் மட்டுமே அந்த வரி நடுவில் அமையும்.

அன்று மாலை அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பலகையின் பரப்போடு ஏறத்தாழ இணையாகப் பிடித்துச் சாய்வொளியில் பார்த்தோம். ‘7’க்கு இடப்புறம், நேரொளியில் வெறும் கருப்பாகத் தெரிந்த இடத்தில், ஒரு விரல் அகல வளைவு மேடாக எழுந்து நின்றது. மேலே கொக்கிபோல் வளைந்து, கீழே சாய்ந்து இறங்கி, அடியில் நேர்க்கோடாக முடியும் உருவம் அது. ‘2’. அதன்மேல் யாரோ கருப்புச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள்.

படைப்பிரிவின் வரலாறு தந்த விடை

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை அதன் பிறகுதான் தொடங்கினேன்: பையின் வயதைத் தேடுவதை விட்டு, அதன்மேல் இருந்த பெயருக்கும் எண்ணுக்கும் உரிய படைப்பிரிவின் வரலாற்றைத் தேடினேன்.

1806 ஏப்ரலில், நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே சாண்டி ஹுக் அருகே ‘லியாண்டர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டதில் ஜான் பியர்ஸ் என்ற அமெரிக்க மாலுமி உயிரிழந்தார். அந்தக் கொந்தளிப்பில் நகரத்தில் புதிய தன்னார்வக் கம்பெனிகள் எழுந்தன; பிற்காலத்து 7ஆம் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை அவற்றிலிருந்தே கணக்கிடுகிறது. 1824 ஆகஸ்டில் லஃபாயெத் பிரபு நியூயார்க்கில் வந்திறங்கினார். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனோடு நின்றவர், 1789இல் பாரிஸ் நகரத் தேசியக் காவற்படைக்குத் தளபதியாக இருந்தவர். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு இந்தக் கம்பெனிகளின் அதிகாரிகள் தங்கள் படைக்கு அவர் தலைமை தாங்கிய அதே படையின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

ஆக, ‘நேஷனல் கார்டு’ என்பது 1862இல் ஒரு மாநிலத்தின் மிலிஷியா முழுவதற்கும், இருபதாம் நூற்றாண்டில் நாடு முழுவதற்கும் பொதுப்பெயராகும் முன்பே, 1824 முதல் ஒரே ஒரு படைப்பிரிவின் சொந்தப் பெயராக இருந்தது. வணிகரும் நானும் தவறியது இந்த இடத்தில்தான். ஒரு சொல் சட்டத்தில் ஏறிய ஆண்டை அந்தச் சொல் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டோம்.

எண்ணின் வரலாறு இதைவிடத் தெளிவாக இருந்தது. 1826இல் இந்தப் படைப்பிரிவு நியூயார்க் மாநில பீரங்கிப் படையின் 27ஆம் ரெஜிமென்ட் ஆயிற்று. 1847இல் மாநிலம் தன் மிலிஷியாவை மறுசீரமைத்தபோது அதற்கு 7 என்ற எண் கிடைத்தது. ‘27’ என்பதிலிருந்து ‘2’ நீக்கப்பட்டு ‘7’ ஆவதற்கு வரலாற்றில் இருந்த காரணம் இதுவே.

வேறு வாய்ப்புகளையும் சரிபார்த்தோம். 1812ஆம் ஆண்டுப் போரின்போது கூட்டாட்சி இராணுவத்தில் 27ஆம் காலாட்படை ஒன்று இருந்தது. ஆனால் 1815இல் அந்த இராணுவம் எட்டுக் காலாட்படை ரெஜிமென்ட்களாகச் சுருக்கப்பட்டபோது அந்த எண்ணும் மறைந்தது, அதற்கு ‘என். ஜி.’ என்ற எழுத்துகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. உள்நாட்டுப் போருக்காக 1861இல் ஹென்றி ஸ்லோகம் தலைமையில் திரட்டப்பட்ட 27ஆம் நியூயார்க் தன்னார்வக் காலாட்படை வேறொரு படை. அது 7ஆம் எண்ணைப் பெற்றதே இல்லை. ‘என். ஜி.’ என்ற பெயர், 27 என்ற எண், அதிலிருந்து 7க்கு மாற்றம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்துவது ஒரே படைப்பிரிவுக்குத்தான்.

மறைந்த எண்ணை உறுதிசெய்தது

சாய்வொளியில் கண்ணுக்குப் பட்டதை மட்டும் நம்பிப் பதிவேட்டைத் திருத்த இரண்டாம் முறை எனக்குத் துணிவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் பாதுகாப்பு ஆய்வகம் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை ஒரு நாள் கொண்டுவந்து உதவியது. பொருளைச் சுரண்டாமல், அதன் பரப்பில் எந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டும் கருவி அது. வெண்ணிற ‘7’இல் ஈயம் மிகுதியாகக் காணப்பட்டது, அதாவது ஈய வெள்ளை. 1850ஐ ஒட்டி எண்ணெய்ச் சாயமாகச் சந்தைக்கு வந்த துத்தநாக வெள்ளையோ, 1920களில் பரவிய டைட்டானியம் வெள்ளையோ அதில் இல்லை. ஈய வெள்ளை பிற்காலத்திலும் பயன்பட்டதால் இது மட்டும் பழமையை நிறுவாது. பழமைக்கு முரணாக எதுவும் இல்லை என்பதையே சொல்லும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது கருப்புப் பகுதியின் அளவீடு. ‘7’க்கு இடப்புறத்தில் அரை அங்குல இடைவெளியில் கட்டம் வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஈயத்தின் அளவைக் குறித்தோம். கருப்புச் சாயத்திலும் சிறிதளவு ஈயம் இருந்தது, அது விரைவில் உலரச் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட சில கட்டங்களில் மட்டும் அளவு பல மடங்கு உயர்ந்தது. தாளில் அந்தக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பியபோது, சாய்வொளியில் கண்ட அதே ‘2’ தாளில் உருவாயிற்று. மேல்பூச்சின் நுண்வெடிப்புகள் சுற்றியுள்ள கருப்போடு இடைவிடாமல் தொடர்ந்ததையும், வெடிப்புகளுக்குள் ஒரே வகை அழுக்குப் படிந்திருந்ததையும் பெருக்காடியில் பார்த்த ஆய்வகத்தார், மேல்பூச்சு அண்மையில் செய்த மோசடி வேலை அன்று என்று எழுத்தில் தந்தார்கள்.

ஒரே பெயரில் இருவர்

காலம் தெரிந்த பிறகும் ஒரு முடிச்சு மிஞ்சியது. உள்மூடியின் முதலெழுத்துகள் 1814இல் பணியாற்றிய முன்னோருடையவை என்றால், 1826க்குப் பிற்பட்ட பையில் அவை எப்படி வந்தன?

முன்னோரின் பணி உண்மையானது. 1814 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷார் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் நியூயார்க் துறைமுகத்தைக் காக்க அழைக்கப்பட்ட மிலிஷியாவில், மூன்று மாதங்கள் அவர் பெயர் பதிவாகியிருந்தது. அவர் ஹட்சன் பள்ளத்தாக்கில் பயிரிட்டவர். விடை நியூயார்க் ஹிஸ்டாரிகல் சொசைட்டியில் உள்ள 7ஆம் ரெஜிமென்ட் ஆவணங்களில் கிடைத்தது. 4ஆம் கம்பெனியின் பெயர்ப்பட்டியலில் அதே பெயர் இருந்தது: சேர்ந்தது 1841, விலகியது 1848. சீருடைக் கம்பெனியில் ஏழாண்டு பணிபுரிந்தவருக்கு அமைதிக்கால மிலிஷியாக் கடமையிலிருந்து விலக்கு அளிப்பது அன்றைய நியூயார்க் வழக்கம். இவர் தம் ஏழாண்டை முடித்து வெளியேறியிருக்கிறார். 1840களின் நகர முகவரிக் கையேடுகளில் அவர் ஒரு துணி வணிக நிறுவனத்தின் எழுத்தராகக் காணப்பட்டார். வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் எழுத்தர்களும் நிறைந்திருந்ததால் ‘பட்டுக் காலுறை ரெஜிமென்ட்’ என்று மக்கள் அழைத்த படைக்கு அவர் பொருத்தமானவரே. கிராமத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவு மீதியைச் சொன்னது: இவர் அந்த விவசாயியின் மூத்த மகன், தந்தையின் பெயரையே கொண்டவர்.

தந்தையிடம் ஒரு முதுகுப்பை இருந்தது. அது ஈட்டுத்தொகைப் பட்டியலில் உள்ளது. மகனிடம் ஒரு முதுகுப்பை இருந்தது. அது எங்கள் மேசையில் இருந்தது. ஒரே பெயரும் ஒரே வகைப் பொருளும் இரண்டு தலைமுறைகளை ஒன்றாக்கிவிட்டன. பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட இரண்டு கதைகள் அவருக்கு முன்பே ஒன்றாகக் கலந்திருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பதிவேட்டில் காலத்தை இரண்டு படிகளாக எழுதினோம். ‘27’ என்ற எண் 1826க்கும் 1847க்கும் இடையில் எழுதப்பட்டது என்பதை உறுதியானதாகவும், உரிமையாளரின் பணிக்காலத்தை வைத்து 1841க்கும் 1847க்கும் இடையில் என்பதை மிகவும் சாத்தியமானதாகவும் பதிந்தோம். அவர் பையை வேறொருவரிடமிருந்து பழையதாக வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ‘2’ மறைக்கப்பட்டது 1847இலோ 1848இலோ என்று தனி வரியாகவும், இடத் தோள்வார் 1850களிலோ பின்னரோ மாற்றப்பட்டது என்று இன்னொரு வரியாகவும் சேர்த்தோம். ஒரு பொருளுக்கு ஒரே தேதி என்ற பழக்கத்தை இந்தப் பை ஏற்காது. அதற்கு மூன்று தேதிகள் உண்டு.

அம்மையாரின் பேரன், மேல்பூச்சைக் கரைத்து ‘27’ஐ வெளிக்கொணர்ந்தால் காட்சிக்கு அழகாக இருக்குமே என்று கேட்டார். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. ஆயினும் மறுத்தோம். அந்தக் கருப்புச் சதுரம் அழுக்கு அன்று. தம் படைப்பிரிவின் எண் மாறியதும் புதுப் பை வாங்காமல், இருக்கும் பையிலேயே ஒரு எண்ணை மறைத்துக்கொண்டு அணிவகுப்புக்குப் போன ஓர் இளைஞரின் செயல் அது. அதை அழித்தால், பையின் காலத்தை எங்களுக்குச் சொன்ன சான்றையே அழித்தவர்களாவோம்.

குடும்பம் வேறொன்றும் விரும்பியது. 7ஆம் ரெஜிமென்ட் 1849 மே 10 அன்று ஆஸ்டர் பிளேஸ் கலவரத்தில் கூட்டத்தின்மேல் சுட்டது. 1861 ஏப்ரல் 19 அன்று தலைநகரைக் காக்க வாஷிங்டனுக்குப் புறப்பட்டது. இவற்றில் ஒன்றையாவது விளக்க அட்டையில் குறிப்பிடலாமா என்று கேட்டார்கள். உரிமையாளர் 1848இலேயே விலகிவிட்டதால் இரண்டையும் சேர்க்கவில்லை. ரெஜிமென்டின் புகழ் இந்தப் பைக்குத் தானாக வந்து சேராது.

பின் நிகழ்ந்தவை

திருத்திய முடிவை இம்முறை கடிதத்தில் அனுப்பாமல் நேரில் சென்று சொன்னேன். சாய்வொளிப் படத்தை அம்மையாரின் கையில் கொடுத்தபோது அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “அப்படியானால் மகனும் இருந்திருக்கிறார்; அவரைப் பற்றி எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே” என்றார். குடும்ப வம்ச வரைபடத்தில் அந்த மகன் ஒரு பெயரும் இரண்டு ஆண்டுகளுமாக மட்டுமே இருந்தார். சில வாரங்களில் அம்மையார் ஓர் உறையை அனுப்பினார். உள்ளே, தந்தையின் ஈட்டுத்தொகை ஆவணத்தின் மூலப்பிரதி இருந்தது. அதையும் சங்கத்திற்கே கொடுத்துவிட்டார்.

காப்பீட்டு மதிப்பு திருத்தப்பட்டது. வணிகரிடமும் முடிவைத் தெரிவித்தோம். தாம் ஏற்கெனவே விற்ற இரண்டு பொருள்களைப் பற்றி அவர் மீண்டும் விசாரிக்கத் தொடங்கியதாகப் பின்னர் எழுதினார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

படைப்பிரிவுப் பெயரோ எண்ணோ உள்ள எந்தப் பொருளுக்கும், அந்தப் பிரிவு எந்த ஆண்டில் எந்தப் பெயரையும் எண்ணையும் கொண்டிருந்தது என்ற அட்டவணையை முதலில் தயாரித்த பிறகே பொருளின் வடிவத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். இந்த ரெஜிமென்டின் தளபதியாக நெடுங்காலம் இருந்த எம்மன்ஸ் கிளார்க் 1890இல் வெளியிட்ட இரு தொகுதி வரலாறு எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அதை ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் முதல் பதிவின் தவறு நேர்ந்திருக்காது.

சாயம் பூசிய பரப்புகளை நன்கொடை பெறும் நாளிலேயே சாய்வொளியில் படமெடுக்கிறோம். அதற்கு ஒரு கைவிளக்கும் பத்து நிமிடமும் போதும். முடிவாகாத காலத்தைப் பதிவேட்டில் பென்சிலில் மட்டுமே எழுதுகிறோம், அது பென்சிலில் இருக்கும்வரை காப்பீட்டுப் பட்டியலுக்கோ குடும்பத்துக்கோ போகாது. குடும்பக் கூற்றையும் அதற்குரிய தனிப் பத்தியில், சொன்னவரின் சொற்களிலேயே எழுதுகிறோம். இந்தப் பையின் பக்கத்தில் நான் மையில் எழுதிய ‘1862 முதல் 1880 வரை’ என்ற வரியின்மேல் ஒரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். படிக்க முடியும்படி அது அப்படியே இருக்கிறது.